சுருங்கிய மூலை

கும்ஹெலிக்,
கார்டிகன்ஷர்.
1934 மார்ச் 9, வெள்ளி

அன்புள்ள திர்சாவுக்கு,

உன் அத்தான் ஷாட்ராக் எழுதுவது. ஆண்டவர் தயவில் நாங்கள் இருவரும் சுகம். லண்டன் புகையில் உன் இருமல் எப்படி இருக்கிறது? போன மாதம் எழுதியபோது நெஞ்சில் சளி என்றிருந்தாய்.

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. உன் அக்கா லெட்டிக்குக் கட்டைவிரலில் ஊசி ஏறி வீங்கியிருக்கிறது. பேனா பிடிக்க முடியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். வேறு ஒன்றும் இல்லை.

விஷயம் இதுதான். வீட்டில் ஒரு போர்வைமேல் தேநீர் கொட்டிவிட்டது. பால் ஊற்றிய தேநீர், ஒரு கோப்பை முழுவதும். லெட்டி கையால் தைத்த போர்வை, உள்ளே கம்பளி அடைத்தது. ஒரு பக்கம் தந்த நிறம், மறு பக்கம் அடர் சிவப்பு. இதை எப்படித் துவைப்பது? நீ பதினைந்து வருஷமாகச் சலவைக்கூடத்தில் இருப்பவள். உனக்குத் தெரியாமல் இருக்காது.

முப்பத்தொரு வருஷமாகக் கம்பளி மில்லில் தண்ணீரில் நிற்பவன் கேட்கிற கேள்வியா இது என்று நீ சிரிப்பாய். மில்லில் என் வேலை என்ன? நெய்து வந்த துணியைச் சுடுதண்ணீரிலும் சோப்பிலும் போட்டு, மரச் சம்மட்டியால் அடித்து, காலால் மிதித்து, பாதி அகலத்துக்குச் சுருக்குவது. சுருங்காவிட்டால்தான் எனக்குத் திட்டு விழும். சுருங்காமல் துவைக்க யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

லெட்டிக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். அவள் சொல்வது எனக்குச் சரியாகப் புரியவில்லை.

அவசரம் இல்லை. ஆனால் மே மாதம் தாண்டக் கூடாது.

உன் நலம் கோரும்,
ஷாட்ராக்


ஹேமர்ஸ்மித், லண்டன்.
மார்ச் 13

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

திர்சாவின் அன்பு. இருமல் நின்று பத்து நாளாகிறது. நீங்கள் கேட்டதே எனக்கு மருந்து மாதிரி இருந்தது.

அக்காவைக் கட்டிய பத்தொன்பது வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. உறையில் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் தேநீர்!

போர்வையை இப்போது துவைக்கவே கூடாது. மார்ச் மாத ஈரத்தில் உள்ளே இருக்கும் கம்பளி ஒரு வாரமானாலும் காயாது. காயாமல் மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். தேநீர் பட்ட இடத்தை மட்டும் குளிர்ந்த நீர் தொட்ட துணியால் ஒற்றியெடுங்கள். தேய்க்காதீர்கள். பிறகு ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, இரண்டு பக்கத்துத் துணியின் மேலும் ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டுகிறதா என்று எனக்கு எழுதுங்கள். எங்கேயாவது தையல் விட்டிருந்தால் தண்ணீரில் போடுமுன் தைத்துவிட வேண்டும். சிறிய பிரிசல்கூடத் தண்ணீருக்குள் கைநீளத்துக்குக் கிழிந்துவிடும்.

இனி அக்காவுக்கு. எங்கள் திருமணம் ஜூன் 9 சனிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. எலியாஸ் பாவன் தன் பால்கடையின் மாடி அறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார். நாற்பத்தைந்து வயதில் நான் திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன், நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. தொப்பி சாம்பல் நிறத்தில் எடுக்கலாமா, நீலமா? நீ சொல்லாமல் வாங்க மாட்டேன். விரல் ஆறியதும் முதல் வேலையாக எனக்கு எழுது.

என்றும் உங்கள்,
திர்சா


கும்ஹெலிக்,
மார்ச் 26

அன்புள்ள திர்சாவுக்கு,

நலம். நீயும் எலியாஸும் நலமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் கோவிலில் நினைத்துக்கொள்கிறேன்.

நீ சொன்னபடி செய்து பார்த்தேன். தந்த நிறப் பக்கம் ஒன்றும் ஒட்டவில்லை. சிவப்புப் பக்கம் அழுத்திய துணி முழுக்க ரோஜா நிறமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெட்சன் எட்டிப் பார்த்தாள். அவளை உனக்கு நினைவிருக்கும், தாலாட்டுப் பாடினாலும் பக்கத்து ஊருக்குக் கேட்கும் குரல்.

"ரெண்டு கை உப்பு அள்ளிப் போடு, வினிகர ஊத்து, சாயம் கெட்டியாப் புடிச்சுக்கும்" என்றாள்.

"திர்சாவக் கேட்டுட்டுச் செய்யறேன்" என்றேன்.

"ஆமாமா. லண்டன்ல இருந்து ஒரு வாளி தண்ணியும் சேத்து அனுப்பச் சொல்லு, அதுலயே தோச்சுக்க."

நீ சொல், உப்பா வினிகரா?

லெட்டி நன்றாக இருக்கிறாள். இன்று சட்டையின் மூன்று பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டாள். மூன்றாவதைப் போட்டதும் நானும் பெட்சனும் கைதட்டினோம். தொப்பிக்குச் சாம்பல் நிறம் நன்றாக இருக்கும் என்றாள். கல்யாணத் தேதி கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டாள். நாங்கள் வர முடியுமா என்று தெரியவில்லை, மில்லில் வேலை அதிகம்.

அன்புடன்,
ஷாட்ராக்


ஹேமர்ஸ்மித்,
மார்ச் 29

அன்புள்ள அத்தானுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த முறை நிஜமாகவே ஆவல்.

முதலில் போர்வை. உப்பும் வேண்டாம், வினிகரும் வேண்டாம். பதினைந்து வருஷத்தில் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன், ஓடுகிற சாயம் ஓடத்தான் செய்கிறது. நிறையத் தண்ணீர், குறைந்த நேரம், அதுதான் வழி. ஊற வைக்கக் கூடாது. ஈரத்தோடு மடித்து ஒரு நிமிஷம்கூட வைக்கக் கூடாது.

தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்றால், முழங்கையை விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. சோப்புச் சீவலைத் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். தொட்டிக்குள் முதலில் ஒரு பழைய படுக்கைவிரிப்பைப் போட்டு அதன்மேல் போர்வையை இறக்குங்கள். உள்ளங்கையால் மெதுவாக அமுக்கி விடுங்கள். கசக்காதீர்கள், முறுக்காதீர்கள், உருளையில் கொடுத்துப் பிழியாதீர்கள். அலசுகிற தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். திடீரென்று சூடு மாறினால் கம்பளி சுருண்டுவிடும். வெளியே எடுக்கும்போது அடியில் இருக்கும் விரிப்பின் நான்கு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துத் தூக்குங்கள். நனைந்த கம்பளியின் பாரத்தைத் தையல் தாங்காது. அதனால்தான் கொடியிலும் தொங்கவிடக் கூடாது. துண்டுகளில் சுருட்டி நீரை வாங்கியபின், வெட்டிய புல்மேல் வெள்ளை விரிப்பைப் போட்டுப் படுக்க வையுங்கள். மேலே இன்னொரு விரிப்பு, வெயிலுக்கும் பறவைக்கும். அடிக்கடி திருப்பிப் போடுங்கள். அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஏப்ரல் கடைசிவரை பொறுங்கள், கிழக்குக் காற்று வரட்டும்.

இப்போது நான் கேட்கிறேன். கட்டைவிரல் வீங்கியவள் பொத்தான் போட்டதற்கு எதற்கு அத்தான் கைதட்டல்? அக்கா சாம்பல் நிறத்தை நல்லது என்று சொன்னாளா? அம்மாவின் அடக்கத்துக்குப் போட்ட சாம்பல் உடுப்பைக் கிழித்துத் தரை துடைத்தவள் அவள். ஊசி ஏறிய விரலோடு ஒரு வாரத்தில் முழுப் போர்வை தைத்து முடித்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

அவள் கையால் ஒரு வரி வேண்டும். என்மேல் கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுதச் சொல்லுங்கள்.

திர்சா


கும்ஹெலிக்,
ஏப்ரல் 20

அன்புள்ள திர்சாவுக்கு,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னித்துவிடு. நலமாக இருக்கிறாயா? இங்கே நலம். போர்வை மட்டும் நலமில்லை.

கிழக்குக் காற்றுக்குப் பொறு என்றாய். போன செவ்வாய் காற்று அடித்தது, வெயிலும் வந்தது. மில்லில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு முற்றத்தில் தகரத் தொட்டியை வைத்தேன். எல்லாம் நீ சொன்னபடிதான். முழங்கையை விட்டேன். சீவலைக் கரைத்தேன். விரிப்பைப் போட்டு இறக்கினேன். பாதி அமுக்குவதற்குள் காற்றில் தண்ணீர் ஆறிப்போய் விரல் விறைத்துவிட்டது. அதனால் அடுப்பிலிருந்த கெட்டிலை எடுத்து ஓரமாகக் கொஞ்சம் ஊற்றினேன். இது முதல் தப்பு. இளஞ்சூடு கைக்கு இதமாக இருந்தது, சோப்பு வாசனை வந்தது, கம்பளி வாசனை வந்தது, மில்லில் நிற்கிற மாதிரியே இருந்தது. எப்போது காலணியைக் கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. பெட்சனின் கத்தலில்தான் விழித்தேன்.

"அட பாவி மனுஷா! அது போர்வைய்யா! வெளிய எடு கால!"

குனிந்து பார்க்கிறேன், நான் தொட்டிக்குள் நின்று மிதித்துக்கொண்டிருக்கிறேன். என் கால் அதுபாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது.

"எத்தன நேரமா மிதிச்சே?"

"தெரியலையே."

"தெரியலையாம்! முப்பது வருஷம் மிதிச்ச மாடு, கட்டுத்தறிலருந்து அவுத்து விட்டாலும் சுத்திச் சுத்தித்தான் வரும்."

உடனே அலசினோம். ஐந்து தண்ணீர் மாற்றினோம். பெட்சன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிப் புல்லில் போட்டோம். முக்கால் போர்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, தேநீர்க் கறையும் போய்விட்டது. ஆனால் நான் நின்ற மூலை ஒரு முழ அகலத்துக்குச் சுருண்டு தடித்துப் போயிருக்கிறது. தொட்டால் அட்டை மாதிரி இருக்கிறது. தந்த நிறத்தில் அந்த இடம் மட்டும் ரோஜா நிறம்.

லெட்டியிடம் மறைக்கப் பார்த்தேன். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருக்கிறாள். திட்டுவாள் என்று தலைகுனிந்து உள்ளே போனேன். சிரித்தாள், திர்சா. கண்ணில் நீர் வழிகிற மாதிரி சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

அந்த மூலையை என்ன செய்வது? உடனே எழுது.

ஷாட்ராக்


ஹேமர்ஸ்மித்,
ஏப்ரல் 22

அத்தான்,

பிப்ரவரியில் என்ன நடந்தது?

போர்வையைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். திரும்பும் தபாலில் உண்மையைச் சொல்லுங்கள். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து இறங்குவேன்.

திர்சா


கும்ஹெலிக்,
ஏப்ரல் 24

அன்புள்ள திர்சா,

லெட்டி மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

பிப்ரவரி 13 காலை. போர்வை முடிய இரண்டு சாண்தான் பாக்கி. போர்வையை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தின் முன்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். நான் தேநீர் கொடுத்துவிட்டு வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். கோப்பை விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் போர்வைமேல் சாய்ந்து கிடக்கிறாள். வலது கையும் காலும் வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. டாக்டர் வந்து, "உசுருக்குப் பயமில்ல. நடப்பாங்க. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமா வரும். கை எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார்.

இப்போது கோலூன்றி வாசல்வரை நடக்கிறாள். பேச்சுதான் தடுமாறுகிறது. நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறு. கதவு, ரொட்டி, பூனை எல்லாம் அவளுக்குக் 'கரண்டி'தான். உன் பெயர் மட்டும் முதல் வாரத்திலிருந்தே தெளிவாக வருகிறது. உனக்கு எழுத நான் காகிதம் எடுத்தேன். இடது கையால் மைக்கூட்டைத் தட்டிவிட்டாள்.

"திர்சா... வேண்டாம்."

"அவளுக்குச் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம். வேண்டாம்."

ஏன் என்று எனக்குத் தெரியும். உங்கள் அம்மா படுத்தபோது லெட்டி மூத்தவள், ஸ்வான்ஸியில் துணிக்கடை வேலையில் இருந்தாள், வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்த நீ ஆறு வருஷம் இருந்தாய். உனக்கு நிச்சயமாகியிருந்த ஐஃபர் ஒரு வருஷம் பொறுத்துவிட்டுத் தனியாகக் கனடாவுக்குக் கப்பலேறினான். "என் பாரத்த அவ சுமந்தா, அவ வாழ்க்க போச்சு" என்று லெட்டி எத்தனை தரம் என்னிடம் அழுதிருக்கிறாள் தெரியுமா? இப்போது சொன்னால் நீ எலியாஸை விட்டுவிட்டு ஓடி வருவாய். அதுதான் அவள் பயம். ஜூன் 10ஆம் தேதி சொல்லலாம் என்பது எங்கள் ஒப்பந்தம்.

போர்வை உன் கல்யாணத்துக்குத் தைத்தது. பொய் சொல்லத் தெரியாதவனை அவள் நம்பிவிட்டாள். நீ வராதே, திர்சா. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஷாட்ராக்


ஹேமர்ஸ்மித்,
ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

அத்தானைத் திட்டாதே. நான்தான் பிடுங்கினேன். இதை அவர் உனக்குப் படித்துக் காட்டட்டும். ஒரு வரியையும் விடாமல் படிக்க வேண்டும், அத்தான்.

புதன் மாலை கடிதம் கிடைத்தது. பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினேன். சலவைக்கூடத்துக் கண்காணிப்பாளரிடம் வேலையை விடுகிறேன் என்று சொல்ல வாசகம்கூடத் தயார் செய்துவிட்டேன். எலியாஸுக்கு இரண்டு வரி எழுதினேன்: 'அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, நான் போகிறேன், நாம் பிறகு பார்க்கலாம்.' எழுதி முடித்ததும் மனசு எவ்வளவு லேசாகிவிட்டது தெரியுமா? பாட்டுக்கூட வந்தது, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே காலுறைகளை மடித்தேன். அப்போதுதான் கை நின்றது. நீ படுத்திருக்கிறாய், நான் பாடுகிறேன்.

இதே மாதிரி இருபத்தொரு வருஷத்துக்கு முன்பும் பாடினேன், அக்கா.

ஐஃபரோடு கனடாவுக்குப் போக எனக்கு விருப்பமே இல்லை. நல்லவன்தான். ஆனால் அவன் நிலத்தைப் பற்றிப் பேசப் பேச எனக்கு மூச்சு முட்டும். மாட்டேன் என்று சொல்லத் தைரியமில்லை. நிச்சயமாகி, ஊரெல்லாம் வாழ்த்திவிட்டது. அம்மா விழுந்தாள். நீ வருகிறேன் என்று ஸ்வான்ஸியிலிருந்து எழுதினாய், நினைவிருக்கிறதா? நான்தான் வராதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். எல்லோரும் என்னைத் தியாகி என்றார்கள். நானும் பேசாமல் வாங்கிக்கொண்டேன். நீ வருஷா வருஷம் எனக்கு ஏதாவது தைத்து அனுப்பினாய். அதையும் வாங்கிக்கொண்டேன். உனக்குக் குற்ற உணர்ச்சி இருக்கும் என்று தெரிந்தே சும்மா இருந்தேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டது நிஜம். ஆனால் அம்மாவுக்காக மட்டும் இல்லை.

இப்போது எனக்குத் தெரியவில்லை. எலியாஸை நான் வேண்டாம் என்கிறேனா, பயப்படுகிறேனா? உன்னிடம் வர விரும்புகிறேனா, ஓட விரும்புகிறேனா? பெட்டி திறந்தபடி கிடக்கிறது, எலியாஸுக்கு எழுதியதும் தபாலில் சேராமல் கிடக்கிறது. இரண்டு நாளாக ஒரு துணியை எடுப்பேன், ஒன்றை வைப்பேன். வேலையில் இரண்டு மேசைவிரிப்புகளைக் கருக்கிவிட்டேன்.

வரட்டுமா? நீ சொல்.

உன் தங்கை,
திர்சா

பின்குறிப்பு: அத்தான், அட்டையாகிவிட்ட கம்பளி திரும்பாது. மூலையைப் பிரித்து அதை வெளியே எடுங்கள். மில்லில் சிக்கெடுத்த புதுக் கம்பளி கொண்டுவந்து அதே கனத்துக்குப் பரப்புங்கள். தந்த நிறத் துணியில் மிச்சம் இருந்தால் அந்த மூலைக்கு மட்டும் மாற்றுங்கள். புதுத் துணியை முதலில் தனியாக நனைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சலவையில் அது வேறு சுருங்கும்.


கும்ஹெலிக்,
மே 16

அன்புள்ள திர்சாவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். ஐஃபரைப் பற்றிய இடம் வந்ததும் லெட்டி, "மறுபடி" என்றாள். மறுபடி படித்தேன். கையில் இருந்த கோலை எடுத்து அடுப்பங்கரைப் பக்கம் வீசினாள். நல்லவேளை, பூனை தப்பியது.

"இருபது வருஷம்!" என்றாள். அவ்வளவு தெளிவாக அவள் எதையும் சொல்லி மூன்று மாதமாகிறது. "இருபது... கரண்டி... இல்ல... போர்வை! இருபது போர்வை!"

உனக்கு அனுப்பியதை எல்லாம் எண்ணுகிறாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான்கு நாள் யாரோடும் பேசவில்லை. பெட்சன் சூப் கொண்டுவந்து, "என்னடி, தங்கச்சி ஏமாத்திட்டான்னு பட்டினி கெடந்தா கை வந்துருமா?" என்று கேட்டாள். உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் நானும் இருந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்தாள். சட்டத்தைக் காட்டினாள். போர்வையைக் கொண்டுவரச் சொன்னாள். அந்த மூலையைப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் மில் முடிந்து வந்து தைக்கிறேன். நானேதான், திர்சா. பெட்சனின் தையல் வேலிக்கு முள் கட்டுகிற மாதிரி இருக்கிறது என்று லெட்டி அவளைத் தொடவிடவில்லை. நீ சொன்னபடி அட்டையை எடுத்துவிட்டுப் புதுக் கம்பளி பரப்பினேன். துணியை நனைத்துக் காயவைத்தேன். லெட்டி இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, தையல் பெரிதாகப் போனால் ஊசி குத்தாமலிருக்க மாட்டும் விரல்மூடியால் என் விரல்கணுவில் தட்டுகிறாள். என் கணுவெல்லாம் நீலம் பாய்ந்து கிடக்கிறது. மில்லில் கேட்டால் சம்மட்டி பட்டது என்கிறேன். பிரித்த தையலில் பாதியைத்தான் இதுவரை கட்டியிருக்கிறேன். தையலில் அவள் போட்ட இலை என்பது இலை, நான் தைத்த இலை உருளைக்கிழங்கு.

நேற்றுத் தைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டாள். வார்த்தை வர வெகுநேரம் ஆனது. நான் எடுத்துக் கொடுக்கப் போனபோது கையை ஓங்கினாள். கடைசியில் வந்தது.

"அவரு... சிரிப்பாரா?"

"யாரு, எலியாஸா?"

தலையசைத்தாள். "திர்சா... சிரிப்பாளா? அவரோட?"

அதைத்தான் உன்னிடம் கேட்கச் சொன்னாள். வரட்டுமா என்று நீ கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஷாட்ராக்


ஹேமர்ஸ்மித்,
மே 28

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

என் அன்பு. உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். கேள்விக்கு எனக்கே விடை தெரியவில்லை. அதனால் எலியாஸைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

எலியாஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பால்கடையில்தான், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். உன் உடம்பைச் சொன்னேன். ஐஃபரைச் சொன்னேன். பெட்டி அடுக்கும்போது பாடியதையும் சொன்னேன். அவர் கழுவுவதை நிறுத்தவே இல்லை.

"என்ன பாட்டு?" என்றார்.

"கேலியா?"

"இல்ல, நெசமாத்தான் கேக்கறேன். என்னோட இருக்கும்போது நீ பாடிக் கேட்டதில்லையே."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "இங்க பாரு திர்சா. அக்காவப் பாக்கப் போறதுன்னா இன்னிக்கே போ, கடைய மூடிட்டு நானே ரயிலேத்தறேன். என்கிட்ட இருந்து போறதுன்னா, அதையும் மொகத்தப் பாத்துச் சொல்லிரு. அக்கா பேரச் சொல்லாத. அந்தம்மா ஏற்கெனவே ஒருத்தனுக்காக இருபது வருஷம் அழுதாச்சு. எனக்காகவும் அழ வேணாம்."

நான் முகத்தைப் பார்த்தேன். மறுபடி வெள்ளையடித்த சுண்ணாம்பு இரண்டு நாளாகியும் ஒரு புருவத்தில் இருந்தது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை, சொல்ல வீட்டில் ஆள் இல்லை. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு, "இப்படியேவா நேத்து கோவிலுக்குப் போனேன்? போதகர்கூடச் சொல்லலையே!" என்று அவரும் சிரித்தார். இரண்டு பேரும் வாடிக்கைக்காரி வந்து மணியடிக்கிறவரை சிரித்தோம்.

சிரிப்பார், அக்கா. நானும் சிரிப்பேன் போலிருக்கிறது.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தினமும் காலையில் விழித்ததும் ரயில் நேரம் ஞாபகம் வருகிறது. பெட்டியைத் துணியெல்லாம் எடுத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். ஜூன் 9 நடக்கும். அதற்குமுன் நான் வர மாட்டேன். வந்தால் திரும்ப மாட்டேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும்.

இருபது வருஷமாக உன்னை அழவிட்டதற்கு என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்கிறேன். நீ மன்னிக்காவிட்டால் அதுவும் நியாயம்.

தொப்பி நீலத்தில் எடுத்துவிட்டேன். போர்வையை, அத்தான் தைத்த மூலை எப்படி இருந்தாலும் சரி, ரயில் பார்சலில் அனுப்பிவையுங்கள். நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று நடுவில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு மடியுங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

உங்கள்,
திர்சா


கும்ஹெலிக்,
ஜூன் 7

அன்புள்ள திர்சாவுக்கும், மாப்பிள்ளையாகப் போகும் எலியாஸுக்கும்,

எங்கள் இருவரின் வாழ்த்தும் ஆசியும்.

மூலை முடிந்துவிட்டது, பாக்கியிருந்த இரண்டு சாணும்தான். நேற்று மறுபடி துவைத்தோம், தைத்த கையின் அழுக்குப் போக. இந்த முறை பெட்சன் என் காலணிக் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டு, "அவுத்தேன்னா கைய ஒடிப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டியை நிரப்பினாள். தண்ணீர் ஆறியபோது முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினோம். ஒன்றும் சுருங்கவில்லை. ஒரு சொட்டுச் சாயம்கூடத் தந்த நிறப் பக்கம் போகவில்லை.

இன்று நல்ல காற்று. லெட்டி காலையிலிருந்து முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கோலால் கோழியை விரட்டிக்கொண்டிருக்கிறாள். மத்தியானம் நான் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், காய்ந்துவிட்டது. மடித்துக் கயிறு கட்டப் போனேன். பார்சல் சாயந்திர வண்டிக்குப் போனால் சனிக்கிழமை காலை உனக்குக் கிடைத்துவிடும். அவள் கோலைக் குறுக்கே நீட்டினாள். பேனா கேட்டாள். இடது கையால் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு தாள் வீணாயிற்று. அவள் எழுதியதை அப்படியே வைத்து அனுப்புகிறேன். இதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

ஷாட்ராக்


திர்சா

நீ பொய்க்காரி. கோபம் போகவில்லை.

நீலம் சரி.

போர்வை அனுப்ப மாட்டேன். கல்யாணம் முடித்துவிட்டு இரண்டு பேரும் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். நேரில் திட்ட வேண்டும்.

லெட்டி